ஸ்டார்டிங் பிளாக் முதல் 15 மீட்டர் வரை: நீச்சல் பந்தயத் தொடக்கப் பாய்ச்சலின் முழுமையான வழிகாட்டி

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கத்தை கேமரன் மெக்எவாய் 21.25 வினாடியில் வென்றார். வெள்ளி வென்ற பென் பிரவுடின் நேரம் 21.30. இடைவெளி 0.05 வினாடி. பிளாக்கில், அதாவது வீரர் நின்று பாயும் மேடையில், கால்விரல் லேசாக வழுக்கினாலோ, தண்ணீருக்குள் போகும்போது தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டாலோ அதைவிட அதிக நேரம் கரைந்துவிடும்.

தொடக்கம் என்று பயிற்சியாளர்கள் கணக்கில் எடுப்பது ஒலி எழுந்த கணத்திலிருந்து தலை 15 மீட்டர் கோட்டைக் கடக்கும் வரையிலான பகுதியை. 50 மீட்டர் பந்தயத்தில் அது மொத்த தூரத்தில் 30 சதவீதம். ஆனாலும் பயிற்சி நேரத்தில் டைவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிடம்தான், அதுவும் உடல் சோர்ந்த பிறகு.

ஒரு விஷயம் மனதில் பதிந்தால் இந்த வழிகாட்டியின் மற்ற எல்லாம் அதிலிருந்தே விளங்கும். உலகின் மிக வேகமான நீச்சல் வீரர் தண்ணீரின் மேல் நீந்தும் வேகம் வினாடிக்கு 2 மீட்டரைச் சற்றே தாண்டும். நல்ல வீரர் பிளாக்கை விட்டுக் கிளம்பும் வேகம் வினாடிக்கு 4 முதல் 5 மீட்டர். தண்ணீரைத் தொடும்போது ஈர்ப்பு விசையும் சேர்ந்து அது 6 மீட்டரை நெருங்கும். பந்தயம் முழுவதிலும் அந்த வேகம் மறுபடி வராது. கால் பிளாக்கை விட்ட பிறகு முன்னோக்கிய வேகத்தைக் கூட்ட வழியே இல்லை. அதைக் குறைவாக இழப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. ஆகவே பிளாக்கின் மேல் வேகத்தைச் சம்பாதிக்க வேண்டும், தண்ணீருக்குள் அதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்.

பிளாக்கும் தண்ணீரின் ஆழமும்

உலக நீச்சல் கூட்டமைப்பான வேர்ல்ட் அக்வாடிக்ஸின் விதிப்படி பிளாக்கின் உயரம் நீர்மட்டத்திலிருந்து 0.5 முதல் 0.75 மீட்டர். மேற்பரப்பு குறைந்தது 0.5க்கு 0.5 மீட்டர் இருக்கும், முன்பக்கச் சரிவு 10 டிகிரியைத் தாண்டாது. இன்றைய போட்டி பிளாக்குகளில் பின்பக்கம் ஒரு சாய்ந்த தகடு உண்டு. நீச்சல் குளங்களில் அதை கிக் பிளேட் என்பார்கள். பரவலாகப் பயன்படும் வகையில் அது 30 டிகிரி சாய்ந்து, ஐந்து இடங்களில் நகர்த்திப் பொருத்தும்படி இருக்கும்.

இந்தத் தகடு ஏன் இவ்வளவு உதவுகிறது? தட்டையான பரப்பில் பின்காலை ஊன்றினால் அது பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் அழுத்தும், உடல் மேலே எழும்பும். பின்னோக்கித் தள்ள முயன்றால் பாதம் வழுக்கும், ஏனென்றால் அங்கே பிடிப்பைத் தருவது உராய்வு மட்டுமே. சாய்ந்த தகட்டில் பாதம் நேராகப் பின்னோக்கியே உதைக்கலாம். எதிர்விசை உடலை முன்னோக்கித் தள்ளும். தகடு இருந்தும் பின்பாதத்தைத் தட்டையாக வைத்து நிற்பவர்கள் இந்த லாபத்தைக் கை நழுவ விடுகிறார்கள்.

ஆழத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிளாக் உள்ள பக்கம் சுவரிலிருந்து 1 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்கிறது விதி. இது தேர்ந்த போட்டியாளருக்கான கீழ் எல்லை. கற்றுக்கொள்பவருக்கு இது போதாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கீழே வரும் கணக்கின்படி, பிளாக்கிலிருந்து பாய்பவர் வினாடிக்கு சுமார் 3.7 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கிப் போகிறார். திசை மாற்றத் தெரியாதவர் அந்த வேகத்தில் 1.35 மீட்டரைக் கடக்க 0.4 வினாடிகூட ஆகாது. தரையில் முதலில் மோதுவது தலை, நொறுங்குவது கழுத்தெலும்பு. புதியவருக்கு 2 மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் பிளாக் டைவ் சொல்லித்தரக் கூடாது.

நிற்கும் நிலை

முன்காலின் பெருவிரலும் அடுத்த விரலும் பிளாக்கின் முன்விளிம்பைக் கவ்வ வேண்டும். விரல் நுனி விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும், விரலின் அடிப்பந்து விளிம்பின் மேல் அழுத்த வேண்டும். பாதம் நேராக முன்னோக்கி இருக்கட்டும். வெளிப்பக்கம் திரும்பிய பாதம் தள்ளினால் இடுப்பும் திரும்பும், வீரர் லேன் கயிற்றை நோக்கிப் பறப்பார்.

பின்காலின் முன்பாதம் தகட்டில் பதியட்டும், குதிகால் தூக்கியபடி இருக்கட்டும். இரு பாதங்களும் ஒரே கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கக் கூடாது. இடுப்பு அகலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி வேண்டும். தகட்டை எந்த இடத்தில் பொருத்துவது என்பதை முழங்கால் கோணம் தீர்மானிக்கும். முழுவதும் நீட்டிய கால் 180 டிகிரி என்று கொண்டால், தயார் நிலையில் பின்முழங்காலின் கோணம் ஏறத்தாழ 90 டிகிரியும், முன்முழங்காலின் கோணம் 130 முதல் 140 டிகிரியும் இருப்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். பின்முழங்கால் இதைவிட அதிகமாக மடங்கினால் கால் நீள நேரம் பிடிக்கும். ஏற்கெனவே நீண்டிருந்தால் தள்ள இடமே மிஞ்சாது. உங்களுக்குப் பொருந்தும் தகட்டு இடத்தின் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய குளத்துக்குப் போகும்போது போட்டிக்கு முந்தைய வார்ம்-அப்பிலேயே தகட்டைச் சரிபார்த்துவிட வேண்டும். அழைப்பு விசில் ஒலித்தபின் குனிந்து தகட்டோடு போராடுவது மனதைக் கலைத்துவிடும்.

கைகள் முன்காலுக்கு இருபுறமும் தோள் அகலத்தில் விளிம்பைப் பிடிக்கட்டும். நான்கு விரல்களும் விளிம்பைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும், வெறுமனே மேலே வைத்தால் இழுக்க முடியாது. கழுத்து தளர்ந்து, பார்வை பிளாக்கின் விளிம்பிலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ இருக்கும். எதிர்க்கரையைப் பார்த்து நிற்பவருக்குக் கழுத்துத் தசை இறுகி, தோள் உயர்ந்து, இடுப்பு தாழ்ந்துவிடும். இடுப்பு உயரமாக, தலையைவிட மேலே இருக்க வேண்டும்.

எந்தக் கால் முன்னே? பின்னாலிருந்து யாராவது தள்ளும்போது எந்தக் கால் முன்னே வருகிறதோ அதுதான் என்று சொல்வதுண்டு. அது வெறும் பழக்கத்தைத்தான் காட்டும். இரண்டு விதமாகவும் மாற்றி மாற்றி ஐந்து ஐந்து டைவ் அடித்து, 5 மீட்டர் நேரத்தையும் 15 மீட்டர் நேரத்தையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள். புதிய நிலைக்குச் சில வாரப் பழக்கம் கொடுத்தபின் இந்தச் சோதனையைச் செய்தால்தான் நியாயம்.

எடையை எங்கே வைப்பது என்பதில்தான் பயிற்சியாளர்களிடையே நீண்ட விவாதம். முன்னே சாய்ந்து நின்றால் உடல் சீக்கிரம் விழுந்து பிளாக்கை விடும், ஆனால் தள்ளும் தூரம் குறைவதால் வேகம் குறையும். பின்னே அமர்ந்தால் தள்ளும் தூரம் கூடும், வேகம் கூடும், பிளாக்கில் செலவாகும் நேரமும் கூடும். ஒரு கணக்குப் போடலாம். ஒருவர் 0.65 வினாடியில் வினாடிக்கு 4.1 மீட்டர் வேகத்தோடு கிளம்புகிறார். இன்னொருவர் 0.70 வினாடியில் 4.5 மீட்டர் வேகத்தோடு கிளம்புகிறார். இருவரும் 0.38 வினாடி காற்றில் இருந்தால் இரண்டாமவர் 0.15 மீட்டர் தள்ளிப் போய் விழுவார். நீருக்குள் அந்த இடத்தில் சராசரி வேகம் வினாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் அந்த 0.15 மீட்டர் 0.05 வினாடிக்குச் சமம். தாமதம் அங்கேயே ஈடாகிவிட்டது. அதற்கு மேல் அவர் கூடுதல் வேகத்தோடு தண்ணீருக்குள் போகிறார், அது முழுவதும் லாபம்.

அதனால் நாங்கள் சொல்வது நடுநிலை அல்லது அதிலிருந்து சற்றே பின்னால். எடை இரு கால்களிலும் பரவி, கைகள் லேசாக இழுபட்டு நிற்க வேண்டும். முழுவதும் பின்னே அமர்வது நல்ல கால்வலு உள்ளவருக்கே உதவும்.

ஒலி முதல் கால் கிளம்பும் வரை

நடுவர் 'டேக் யுவர் மார்க்ஸ்' என்றதும் தயார் நிலைக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். எல்லோரும் நிலைத்த பிறகே ஒலி வரும். ஒலிக்கு முன் கிளம்பியவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஆகவே ஒலியை ஊகித்துக் கிளம்பும் பழக்கத்தைச் சிறுவயதிலேயே தடுத்துவிட வேண்டும். பயிற்சியில் ஒவ்வொரு டைவுக்கும் ஒலி வரும் இடைவெளியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

போட்டித் திரையில் வீரரின் பெயருக்குப் பக்கத்தில் 0.65 என்பதுபோல் வரும் எண்ணை எதிர்வினை நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒலி எழுந்ததிலிருந்து கால் பிளாக்கை விடும் வரையிலான முழு நேரம் அது. ஒலியைக் கேட்டு உடல் முதல் விசையைக் காட்ட ஏறத்தாழ 0.15 வினாடி போதும். மீதி அரை வினாடி தள்ளும் வேலை. அந்த எண்ணைக் குறைத்தே ஆக வேண்டும் என்று துரத்துபவர் தள்ளும் வேலையைத்தான் வெட்டுகிறார்.

தள்ளும் வேலை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் வினாடிக்கு 4.5 மீட்டர் வேகம் பெற 315 நியூட்டன்-வினாடி கணத்தாக்கு (விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கிய அளவு) வேண்டும். அதை 0.55 வினாடியில் தர வேண்டுமென்றால் கிடைமட்டத்தில் சராசரியாக 573 நியூட்டன் விசை, அதாவது தன் எடையில் 80 சதவீதத்துக்கும் மேல், தொடர்ந்து தேவை. இரு கால்களும் கைகளும் முறைதவறாமல் சேர்ந்தால்தான் இது முடியும். அந்த முறை இது:

1. கைகள் முதலில். ஒலி கேட்டதும் விளிம்பைப் பின்னோக்கியும் மேல்நோக்கியும் இழுங்கள். உடல் முன்னோக்கி நகரத் தொடங்கும், கால்கள் பிளாக்கில் இன்னும் அழுந்தும்.

2. பின்கால். கைகள் இழுக்கும்போதே பின்கால் தகட்டை உதைக்கத் தொடங்க வேண்டும். கிடைமட்ட வேகத்தின் முதல் பெரும்பகுதி இங்கே பிறக்கிறது. இடுப்பு முன்னோக்கிப் போக வேண்டும், மேலே எழும்பக் கூடாது.

3. கைகளை விடுவித்தல். கைகள் பிளாக்கை விட்டதும் மிகக் குறுகிய வழியில் முன்னோக்கி நீள வேண்டும். வட்டமாகச் சுழற்றினால் நேரம் போகும், தோளும் மேலே தூக்கும்.

4. முன்கால். பின்கால் தகட்டை விட்டபின் சுமார் பத்தில் ஒரு வினாடி முன்கால் மட்டும் பிளாக்கில் இருக்கும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்ற வரிசையில் நீண்டு, கடைசியில் பெருவிரல் விளிம்பைச் சுண்டிவிட வேண்டும். கணுக்கால் முழுவதும் நீளும் முன்பே காலை எடுத்துவிடுவது மிகப் பரவலான தவறு. பக்கவாட்டு வீடியோவில் கால் விடும் சட்டகத்தை (ஃப்ரேமை) நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். குதிகால் முதல் இடுப்பு வரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும்.

மேல்நோக்கிக் குதிக்கலாமா? இதில் ஒரு நுட்பம் உண்டு. காற்றில் அதிக நேரம் இருப்பதால் நஷ்டமில்லை, காற்றில் வேகம் குறைவதே இல்லை எனலாம். ஆனால் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மேலெழும்ப 70 கிலோ உடலுக்குக் கூடுதலாக 70 நியூட்டன்-வினாடி கணத்தாக்கு வேண்டும். கால்கள் அதைக் கிடைமட்டத்துக்கு உரியதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கும், அல்லது பிளாக்கில் இன்னும் சிறிது நேரம் இருந்து கொடுக்கும். அதனால் கிட்டத்தட்ட கிடைமட்டமாகக் கிளம்புவதே சரி. கீழ்நோக்கி விழுந்தபடி கிளம்புவதும் அதே அளவு தவறு. அங்கே பறக்கும் தூரம் போய்விடுகிறது.

காற்றில்

கால் விட்ட பிறகு ஈர்ப்பு மையம் செல்லும் பாதை மாறாது. உடலின் கோண உந்தமும், அதாவது பிளாக்கில் பெற்ற மொத்தச் சுழல் உந்துதலும், மாறாது. கை கால்களை எப்படி வீசினாலும் இவ்விரண்டையும் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது உடலின் வடிவம் மட்டுமே. இடுப்பில் லேசாக மடங்கினால் உடல் வேகமாகச் சுழலும், நீட்டினால் சுழற்சி மெதுவாகும்.

ஒரு கணக்கு. கிடைமட்டமாக வினாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் கிளம்பியவரின் ஈர்ப்பு மையம், கைகள் தண்ணீரைத் தொடும்வரை 0.7 மீட்டர் கீழிறங்குகிறது என்று கொள்வோம். அதற்கு 0.38 வினாடி ஆகும். அதற்குள் ஈர்ப்பு மையம் 1.7 மீட்டர் முன்னே போயிருக்கும். கீழ்நோக்கிய வேகம் வினாடிக்கு 3.7 மீட்டர். இரண்டையும் சேர்த்தால் மொத்த வேகம் 5.8 மீட்டர், பாதை நீர்மட்டத்தோடு சுமார் 39 டிகிரி சாய்ந்திருக்கும்.

இந்த 39 டிகிரியை நினைவில் வையுங்கள். உடலின் சாய்வும் பாதையின் சாய்வும் ஒன்றாக இருக்கும்போதுதான் உடல் ஈட்டிபோல உள்ளே போகும். பாதை 39 டிகிரியாக இருக்க உடல் 20 டிகிரியில் படுத்திருந்தால் வயிறும் தொடையும் தண்ணீரில் அறையும். உடல் 55 டிகிரிக்குக் கவிழ்ந்திருந்தால் முதுகும் கால்களின் பின்புறமும் தண்ணீரை இழுக்கும், ஆழமும் கூடிவிடும். தட்டையாகப் போ, செங்குத்தாகப் போ என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. வேகமாகக் கிளம்புபவரின் பாதை தட்டையாக இருக்கும், மெதுவாகக் கிளம்புபவரின் பாதை செங்குத்தாக இருக்கும். பாதையோடு உடலை ஒட்ட வைப்பதே நோக்கம்.

தலை கைகளுக்கு நடுவே, முகவாய் மார்பை நோக்கி. கால்கள் காற்றிலேயே ஒன்றுசேர்ந்துவிட வேண்டும்.

தண்ணீருக்குள் நுழைதல்

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்ந்தது. கைகள் திறக்கும் துளை வழியாகவே தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் போக வேண்டும். கை நீட்டிய உடல் 2.3 மீட்டர் நீளம் என்றால் 5.8 மீட்டர் வேகத்தில் அது முழுவதும் உள்ளே போக சுமார் 0.4 வினாடி. அந்த 0.4 வினாடி உடல் குலையாமல் இருக்க வேண்டும்.

தண்ணீரின் தடை குறையும்படி உடலை நேராக நீட்டி வைக்கும் நிலைக்கு ஸ்ட்ரீம்லைன் என்று பெயர். அது எப்படி என்று ஒவ்வொரு மூட்டாகச் சொல்கிறோம். ஒரு உள்ளங்கை மற்றதன் புறங்கை மேல் பதிந்து, மேல்கையின் கட்டைவிரல் கீழ்க்கையைப் பூட்ட வேண்டும். முழங்கைகள் நேராக. மேற்கைத் தசைகள் காதுக்குப் பின்னால் அழுந்த வேண்டும், காதின் மேல் அல்ல. விலா எலும்புகள் உள்ளிழுத்து, புட்டத் தசை இறுகி, கால்விரல்கள் நீண்டு, பெருவிரல்கள் ஒன்றையொன்று தொட்டபடி. கைகள் பிரிந்தால் தண்ணீர் அவற்றைத் தள்ளிப் பிரிக்கும், தலை மோதும், கண்ணாடி கழன்றுவிடும். நீச்சல் கண்ணாடி டைவில் கழல்வதற்குப் பட்டையின் இறுக்கத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம், நுழையும் கணத்தில் முகத்தை உயர்த்தியதுதான்.

கீழ்நோக்கிய வேகத்தை முன்னோக்கித் திருப்புதல்

டைவின் மிகவும் கவனிக்கப்படாத பகுதி இது. 39 டிகிரியில் போகும் உடலை ஒரு மீட்டர் ஆழத்துக்குள் கிடைமட்டமாக்க வேண்டும். வேகமாகத் திருப்பினால் உடல் தண்ணீருக்கு அகலமாகக் காட்டப்பட்டு வேகம் போகும். மெதுவாகத் திருப்பினால் ஆழமாகப் போய், மேலே வருவதற்குத் தூரம் வீணாகும்.

இடுப்பு உள்ளே போனதும் விரல் நுனிகளை மட்டும் லேசாக உயர்த்துங்கள், மார்பு அதைப் பின்தொடரட்டும், முதுகு மிக மெல்லிய வளைவாகட்டும். பாதங்கள் உள்ளே வரும் கணத்தில் ஒரு டால்ஃபின் கிக் (இரு கால்களையும் சேர்த்து அலைபோல் அடிக்கும் உதை) கால்களைத் துளைக்குள் இழுத்துக் கிடைமட்டமாக்கும். பாதம் வெளியில் இருக்கும்போதே முதுகை வளைத்தால் கால்கள் தண்ணீரை அறையும், இடுப்பு முதுகெலும்பும் அடி வாங்கும். ஃப்ரீஸ்டைல் ஸ்பிரிண்டில் மிக ஆழமான இடம் 0.8 முதல் 1 மீட்டர் என்பது நல்ல இலக்கு. அரை மீட்டருக்கு மேலே வந்துவிட்டால் உடல் அலை எழுப்பத் தொடங்கும், அலைக்குப் போகும் ஆற்றல் முழுவதும் உங்கள் வேகத்திலிருந்து எடுக்கப்பட்டது.

வழுக்கலும் டால்ஃபின் கிக்கும்

இழுவை விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 4 மீட்டர் வேகத்தில் உள்ள இழுவை 2 மீட்டர் வேகத்தில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு. கால்களைக் கிடைமட்டமாக்கும் அந்த ஒரு கிக்கைத் தவிர, உள்ளே போன கணத்தில் கிக் அடித்தால் முழங்கால் மடங்குவதால் இழுவை கூடுகிறது, ஆனால் அந்த வேகத்தைக் கூட்ட எந்தக் கிக்காலும் முடியாது. அதனால் முதலில் அசையாமல், பெற்ற வேகத்திலேயே வழுக்கிச் செல்லுங்கள். வேகம் உங்கள் கிக் தரக்கூடிய வேகத்துக்குச் சற்று மேலே, வினாடிக்கு 2.2 மீட்டர் சுமாருக்கு, இறங்கும்போது கிக் தொடங்க வேண்டும். நல்ல போட்டியாளருக்கு இது சுவரிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டரில் வரும். இளம் வீரருக்கு முன்னதாகவே வரும்.

உங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க, ஒரே மாதிரி டைவில் 5, 6, 7 மீட்டரில் கிக் தொடங்கி மூன்று மூன்று முறை 15 மீட்டர் நேரம் எடுங்கள். கிக் மார்புக்குக் கீழிருந்து எழ வேண்டும், கைகளும் தலையும் அசையக் கூடாது. வீச்சு சிறிதாகவும் அடி வேகமாகவும் இருக்கட்டும், கீழடியைப் போலவே மேலடியும் வேலை செய்யட்டும்.

15 மீட்டருக்குள் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட வேண்டும் என்ற வரம்பு ஏன் வந்தது என்பதை அறிந்தால் இந்தப் பகுதியின் மதிப்பு புரியும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் டேவிட் பெர்காஃபும் டாய்ச்சி சுசுகியும் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் (மல்லாந்து நீந்தும் முறை) முதல் நீளத்தின் பாதிக்கும் மேல் தண்ணீருக்கடியிலேயே டால்ஃபின் கிக்கில் கடந்தார்கள். பெர்காஃப் தகுதிச்சுற்றில் 54.51 வினாடி உலக சாதனை படைத்தார், இறுதியில் சுசுகி தங்கம் வென்றார். அதன்பின் பேக்ஸ்ட்ரோக்குக்கு வரம்பு வந்தது. 1998-ல் பட்டர்ஃபிளைக்கும் ஃப்ரீஸ்டைலுக்கும் 15 மீட்டர் விதி வந்தது.

ஆனால் 15 மீட்டர் வரை உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. உங்கள் கிக் வேகம் நீச்சல் வேகத்தைவிடக் குறைந்த இடமே மேலே வர வேண்டிய இடம். பலருக்கு அது 10 முதல் 12 மீட்டர். மேலே வருவது மெதுவான சாய்வில் இருக்கட்டும். ஃப்ரீஸ்டைலில் தலை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்போதே முதல் கை இழுப்பைத் தொடங்குங்கள். முதல் இழுப்பில் மூச்செடுத்தால் இடுப்பு தாழ்ந்து, கொண்டுவந்த வேகம் அங்கேயே நின்றுவிடும்.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு 15 மீட்டர் வரம்பு கிடையாது. கால்கள் வரை ஒரு முழுக் கை இழுப்பும், முதல் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக்குக்கு முன் ஒரே ஒரு டால்ஃபின் கிக்கும் அனுமதி. நீருக்கடியில் அதிக நேரம் இருப்பதால் சற்று ஆழமாகப் போவது பொருந்தும்.

பேக்ஸ்ட்ரோக்கும் ரிலேவும்

பேக்ஸ்ட்ரோக் வீரர் தண்ணீரிலிருந்தே கிளம்புகிறார், ஈர்ப்பு விசையின் பரிசு அவருக்குக் குறைவு. பாதம் சுவரில் வழுக்குவதே இங்கே பெரிய எதிரி. அதற்குத்தான் நீர்மட்டத்துக்கு 4 சென்டிமீட்டர் மேலும் கீழும் சரிசெய்யக்கூடிய லெட்ஜ், அதாவது பாதத்தை ஊன்றும் பட்டை, அனுமதிக்கப்பட்டது. லெட்ஜ் பயன்படுத்தும்போது ஒவ்வொரு பாதத்தின் ஒரு விரலாவது சுவரையோ, அதில் பொருத்திய நேரம் பதியும் பலகையான டச்பேடையோ தொட்டிருக்க வேண்டும். ஒலி வந்ததும் தலை பின்னே போக, கைகள் வீச, இடுப்பு மேலெழும்பித் தண்ணீருக்கு மேலே வளைவாகச் செல்ல வேண்டும். தலைக்கு முன்பே கால் தள்ளினால் பாதம் கீழே வழுக்கிவிடும். இடுப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு போனால் கால்கள் போதுமான அளவு தாமதிக்கவில்லை என்று பொருள்.

ரிலேவில் உள்ளே வருபவர் சுவரைத் தொடும் முன் கிளம்புபவரின் கால் பிளாக்கை விடக் கூடாது, ஆனால் உடல் நகரத் தொடங்கலாம். அதனால் கைகளைச் சுழற்றி வேகம் சேர்ப்பது இங்கே பொருத்தமானது. கவனிக்க வேண்டியது வருபவரின் தலையை, கையை அல்ல. கடைசி இழுப்புக்குத் தலை எங்கே இருக்கிறது என்பதைப் பயிற்சியில் அவரோடு சேர்ந்தே குறித்துக்கொள்ளுங்கள்.

தவறு தெரியும் இடமும் பிறந்த இடமும்

தண்ணீரில் தெரியும் தவறு பெரும்பாலும் பிளாக்கில் பிறந்தது. வயிறு அறைகிறதா? தயார் நிலையில் இடுப்பு தாழ்ந்திருந்ததா, கிளம்பும்போது முகம் நிமிர்ந்ததா என்று பாருங்கள். மிக ஆழமாகப் போகிறாரா? கால் தள்ளும் முன்பே உடல் முன்னே விழுந்திருக்கும், அல்லது உள்ளே போனபின் விரல்கள் கீழேயே நோக்கியிருக்கும். கால்கள் பெரிதாகத் தண்ணீர் தெறிக்க வைத்தால், இடுப்பில் மடங்கியவர் நீட்டத் தாமதித்திருக்கிறார் அல்லது முழங்கால் மடங்கியிருக்கிறது. முன்பாதம் வழுக்குகிறதென்றால் விரல்கள் விளிம்பைக் கவ்வவில்லை. ஒரு டைவில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கள். 0.7 வினாடியில் இரண்டு விஷயங்களை யாராலும் நினைக்க முடியாது.

கற்பிக்கும் வரிசையும் அளக்கும் முறையும்

ஆழமான பக்கத்தில் முதலில் சுவரைத் தள்ளி ஸ்ட்ரீம்லைனில் வழுக்கச் சொல்லுங்கள். பிறகு கரையில் உட்கார்ந்து, பின் ஒரு முழங்காலில், பின் நின்று டைவ். தாழ்ந்த பிளாக்குக்கு அதற்குப் பிறகே போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கைகள் பூட்டியபடி, தலை கைகளுக்கு நடுவே இருந்தால் மட்டுமே அடுத்தது. தரையில் நின்ற இடத்திலிருந்து நீளத் தாண்டுதலும் ஸ்குவாட் ஜம்ப்பும் கால் வலுவைக் கூட்டும். வலு கூடியபின் பிளாக்கில் மறுபடி பழக வேண்டும், வேகம் கூடினால் பாதையும் மாறும்.

உயர்தர டைவ் பயிற்சியை வார்ம்-அப் முடிந்த உடனே வையுங்கள். 6 முதல் 8 டைவ், ஒவ்வொன்றுக்கும் நடுவே 2 முதல் 3 நிமிட ஓய்வு. அதற்கு மேல் போனால் சோர்ந்த உடல் தவறையே பழகிக்கொள்ளும்.

பதிவு செய்யக் கைபேசி போதும். குளத்தின் பக்கவாட்டில், பாதைக்குச் செங்குத்தாக, நிலையாக வையுங்கள். வினாடிக்கு 60 சட்டக வேகத்தில் ஒரு சட்டகம் 0.017 வினாடி, 240-ல் 0.004 வினாடி. ஒலி, கால் விடுதல், கை தண்ணீரைத் தொடுதல், தலை 5 மீட்டரிலும் 15 மீட்டரிலும் இருத்தல் ஆகிய ஐந்து கணங்களைக் குறியுங்கள். 5 மீட்டர் வரை நேரம் நன்றாக இருந்து 15 மீட்டரில் பின்தங்கினால் பிளாக்கைத் தொட வேண்டாம். ஸ்ட்ரீம்லைனையும் கிக் தொடங்கும் இடத்தையும் பாருங்கள். கால் விடும் நேரம் குறைந்து 5 மீட்டர் நேரம் அப்படியே இருந்தால் அவர் தள்ளாமல் விழுகிறார், எடையைப் பின்னே நகர்த்துங்கள். கால் விடும் நேரம் சற்றுக் கூடி 15 மீட்டர் நேரம் குறைந்திருந்தால் அந்த நிலையை அடுத்த ஆறு வாரங்களுக்கு மாற்றாதீர்கள்.